ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பசங்களுக்கு செல், மரபியல் எல்லாம் மனப்பாடம் இல்லாம எப்படி நடத்துறது?

புதுசா வேலைக்கு சேர்ந்த அறிவியல் டீச்சர்னு எழுதியிருக்கீங்க, மூணு வகுப்பும் உங்க கையில இருக்கு, பசங்க "உயிரினங்களின் அடிப்படை அலகு செல்"னு கடகடன்னு ஒப்பிக்கிறாங்க ஆனா உன் கையில செல் எங்கடா இருக்குன்னு கேட்டா முழிக்கிறாங்க, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில 17 வருஷமா இதே பாடத்தை நடத்திட்டு இருக்கேன், அதனால பட்டு தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

பேரை கடைசியா சொல்லுங்க. முதல்ல பொருளைக் காட்டுங்க, அது என்ன பண்ணுதுன்னு பசங்க வாயால வரட்டும், அப்புறம் இதுக்கு பேரு உட்கருன்னு சொன்னா அது மனசுல நிக்கும், பேரை முதல்ல குடுத்தா பேரு மட்டும் தான் நிக்கும்.

உங்க ஸ்கூல்லயும் ஒரு மைக்ராஸ்கோப் கண்டிப்பா இருக்கும், பெரும்பாலும் பீரோவுல துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க, உடைஞ்சா யாரு பதில் சொல்றதுங்கற பயம் தான். ஹெச்எம் கிட்ட பேசி வெளிய எடுங்க. கண்ணாடி வச்ச பழைய மாடலா இருந்தா ஜன்னல் பக்கத்துல வச்சாலே போதும், ஆனா நேரா சூரியனைப் பார்த்து மட்டும் கண்ணாடியைத் திருப்ப விடாதீங்க, கண்ணுக்கு ஆபத்து. பெரிய வெங்காயத்துல ஒரு ஏடு எடுத்து உடைச்சா உள்பக்கம், அதாவது குழிவான பக்கம், பாலிதீன் மாதிரி ஒரு மெல்லிசு தோல் உரியும், அதுல நகத்தளவு எடுத்து மடங்காம ஒரு சொட்டு தண்ணியில விரிங்க. சாஃப்ரனின் சாயம் இல்லைன்னா மெடிக்கல்ல கிடைக்கிற டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டா போதும், உட்கரு பழுப்பா தெரியும். மேல வைக்கிற கவர் ஸ்லிப்பை ஒரு ஓரமா சாய்ச்சு மெதுவா இறக்கணும், படக்குன்னு போட்டா காத்துக் குமிழி மாட்டிக்கும்.

இந்தக் குமிழி விஷயத்துல தான் நான் ரொம்ப கத்துக்கிட்டேன். ஒரு வருஷம் ஏழாவதுல எல்லாரையும் வரிசையா பார்க்க விட்டு வரைஞ்சுட்டு வாங்கன்னு சொன்னேன். ஒரு பையன் மட்டும் காம்பஸ் வச்ச மாதிரி ஒரு வட்டம், சுத்தி கருப்பா தடிச்ச விளிம்பு, உள்ள ஒண்ணுமே இல்ல, அப்படி வரைஞ்சு விளிம்புக்கு செல் சுவர்னு எழுதிட்டு வந்தான். பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு அது காத்துக் குமிழின்னு. தப்புன்னு சொல்ல வாய் எடுத்துட்டேன், அப்புறம் மத்த நோட்டுங்களைப் புரட்டினா முப்பது பேரும் அழகா வரைஞ்சிருக்காங்க, செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா போட்டிருக்காங்க, கோல்கை உறுப்பு கூட போட்டிருக்காங்க, எங்க மைக்ராஸ்கோப்புல அதெல்லாம் தெரியவே தெரியாது. எல்லாம் புத்தகத்துப் படம். கண்ணால பார்த்ததை அப்படியே வரைஞ்சவன் அந்த ஒருத்தன் தான். அவனுக்கு முழு மார்க் போட்டேன். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு கவர் ஸ்லிப் மேல பென்சில் நுனியால லேசா அழுத்தி அந்த வட்டம் நகர்றதைக் காட்டினேன், செல்லுன்னா பக்கத்து செல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கும் இப்படி தனியா நழுவாதுன்னு அவனே சொன்னான். அன்னிலேர்ந்து எங்க வகுப்புல ஒரே ரூல், மைக்ராஸ்கோப் பார்க்கிற அன்னிக்கு புத்தகம் பைக்குள்ள. தெரிஞ்சதை மட்டும் வரையணும், தெரியாததை வரைஞ்சா மார்க் குறையும்.

1665ல ராபர்ட் ஹூக் கார்க்கை சீவிப் பார்த்து சின்னச் சின்ன அறை மாதிரி இருக்குன்னு செல்னு பேரு வச்சார்னு நம்ம எல்லாருமே நடத்துவோம், ஆனா அவர் பார்த்தது செத்துப்போன வெறும் சுவர்ங்கறதை சொல்றதில்ல. உயிரோட இருக்கிறதைப் பார்த்தது கொஞ்ச வருஷம் கழிச்சு ஹாலந்துல லேவன்ஹுக், அவர் துணி வியாபாரி, தானே லென்ஸ் தேய்ச்சு குளத்துத் தண்ணியிலயும் தன்னோட பல் அழுக்குலயும் நெளியற உயிர்களைப் பார்த்தார். காலேஜ் படிக்காத ஒரு துணி வியாபாரின்னு சொல்லும்போது கடைசி பெஞ்ச் பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க, அதுக்காகவே அதை விடாம சொல்வேன்.

வெங்காயத்தோட நிறுத்திடாதீங்க. வெங்காயத்துல எல்லாம் அப்படியே நிக்கும், பசங்களுக்கு அது செங்கல் சுவர் மாதிரி தான் தெரியும், அதுக்கு உயிர் இருக்குன்னு தோணவே தோணாது. வாய்க்கால்ல, குளத்துல வேலம்பாசி கிடைக்கும், மீன் தொட்டியில போடுவாங்களே அதே தான். அதோட இலை ரெண்டே அடுக்கு செல் தடிமன், வெட்டவே வேணாம், நுனியில இருக்கிற இளசான இலை ஒண்ணைப் பிச்சு வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வெளிச்சத்துல பத்து நிமிஷம் வச்சு அப்படியே ஸ்லைடுல வைங்க. நடு நரம்பை ஒட்டிப் பாருங்க, பச்சைப் பச்சையா மணி மாதிரி பசுங்கணிகம் தெரியும், கொஞ்சம் பொறுமையா பார்த்தா அந்த மணி எல்லாம் செல் சுவரை ஒட்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணா சுத்தி ஓடும். முதல் தடவை பார்த்த பொண்ணு கண்ணை எடுக்காமலே "டீச்சர் ஓடுது டீச்சர், தேரு மாதிரி சுத்தி வருது"ன்னு கத்தினா, வரிசை கலைஞ்சு எல்லாரும் மேல விழுந்தாங்க. அப்ப ஒருத்தன் கேட்டான், யாரு டீச்சர் தள்ளுறாங்கன்னு. இந்தக் கேள்வி பசங்க வாயிலேர்ந்து வந்துட்டா பாதி பாடம் முடிஞ்சுது. உள்ள நூல் நூலா புரதம் இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு புரதம் நகர்ந்து எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகுது, உன் கை மடக்கும்போது தசையில நடக்கிறதும் அதே வகை புரதங்களோட வேலை தான்னு சொன்னேன். அதுக்கு சக்தி எங்கேர்ந்துன்னு அடுத்த கேள்வி வந்துச்சு, அப்ப தான் மைட்டோகாண்ட்ரியாங்கற பேரை போர்டுல எழுதினேன்.

செல்லை ஃபேக்டரின்னும் மைட்டோகாண்ட்ரியாவை பவர் ஹவுஸ்னும் உவமை சொல்லி நடத்துறதை நான் விட்டுட்டேன். பசங்க உவமையைத் தான் பிடிச்சுக்கிறாங்க, உள்ள உக்காந்து யாரோ முதலாளி மாதிரி உட்கரு கட்டளை போடுதுன்னு நினைக்கிறாங்க. அதுக்கு பதிலா அளவைச் சொல்லுங்க. ஸ்கேல்ல ஒரு மில்லிமீட்டர் கோட்டைக் காட்டி, உன் கன்னத்து உள்பக்க செல்லை வரிசையா அடுக்கினா இதுக்குள்ள கிட்டத்தட்ட 15, 20 நிக்கும்னு சொல்லுங்க, அவ்வளவு சின்னதுக்குள்ள நீட்டினா சுமார் 2 மீட்டர் வர்ற டிஎன்ஏ மடிச்சு வச்சிருக்குன்னும் சொல்லுங்க, ஒரு டேப் எடுத்து 2 மீட்டர் நீட்டிக் காட்டுங்க. முட்டை ஒரு செல்லான்னு கண்டிப்பா கேப்பாங்க. மஞ்சக்கரு மட்டும் தான் செல், வெள்ளைக்கருவும் ஓடும் மேல வந்த உறை, அதுவும் கரு சேராத கடை முட்டையில தான் அது ஒரே செல், அடைக்கு வைக்கிற நாட்டுக்கோழி முட்டையில இடும்போதே செல் பிரிய ஆரம்பிச்சிருக்கும். எது உயிருள்ளதுங்கற பாடத்துக்கு பச்சைப்பயறு போதும், பாதியை வறுத்துட்டு ரெண்டையும் ஊற வைங்க, பார்க்க ஒரே மாதிரி இருந்ததுல எது உயிரோட இருந்துச்சுன்னு ரெண்டு நாள்ல அதுவே சொல்லிடும்.

இப்ப மரபியல். நம்ம புத்தகத்துல முழுசா பத்தாவதுல தான் வருது, ஆனா அப்பா ஜாடை, பாட்டி மூக்குன்னு பசங்க ஏழாவதுலயே கேக்குறாங்க, தள்ளிப்போட முடியாது. இங்க தான் நான் ஒரு பெரிய தப்பு பண்ணினேன், நீங்க பண்ணிடக் கூடாதுன்னு தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ஆரம்ப வருஷத்துல நாக்கை மடக்குற விளையாட்டு வச்சு நடத்துவேன். நாக்கைக் குழல் மாதிரி மடக்க முடிஞ்சா ஓங்கு பண்பு, அதாவது அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்து வந்தாலே வெளிய தெரியறது, முடியலைன்னா ஒடுங்கு பண்பு, அதாவது ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தா தான் தெரியறது, வீட்டுல அப்பா அம்மாவைப் பார்த்து எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினேன். மறுநாள் ஒரு பொண்ணு நோட்டைத் தரவே இல்ல. அவளுக்கு மடக்க வருது, அப்பாவுக்கும் வரல அம்மாவுக்கும் வரல. நான் போர்டுல போட்ட கணக்குப்படி அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே முடியாது. பக்கத்துல இருந்த பொண்ணு உன்ன தத்து எடுத்திருப்பாங்கடின்னு சொல்லிட்டா. அந்தப் பிள்ளை ராத்திரி முழுக்க அழுதிருக்கு.

அப்புறம் தான் தேடிப் படிச்சேன். நாக்கு மடக்குறது பரம்பரைப் பண்புன்னு 1940ல எழுதினவர் ஸ்டர்டிவன்ட்ங்கற பெரிய மரபியல் விஞ்ஞானி, ஆனா 1952லயே ஒரே மாதிரி இரட்டையர்கள்ல ஒருத்தருக்கு மடக்க வந்து இன்னொருத்தருக்கு வராததைக் கண்டுபிடிச்சுட்டாங்க, பின்னாடி அவரே அது சரியில்லைன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கு அப்புறமும் பாடமா ஓடிக்கிட்டே இருக்கு. காது மடல் ஒட்டியிருக்கிறதும் அப்படித்தான், நிறைய ஜீன் சேர்ந்து வர்றது அது. தோல் நிறமும் அப்படியே, அக்கா வெளுப்பு நான் மட்டும் ஏன் கருப்புன்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைங்க எல்லா வகுப்புலயும் இருக்கு, ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைங்களுக்கு வேற வேற ஜீன் சேர்க்கை விழறது இயல்புன்னு அவங்களுக்கு நீங்க சொல்லியே ஆகணும். நான் மறுநாள் வகுப்பு முன்னாடி நின்னு, டீச்சர் சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொன்னேன், சாயந்திரம் அந்தப் பிள்ளை வீட்டுக்கும் போய் சொல்லிட்டு வந்தேன். அன்னிலேர்ந்து பசங்க வீட்டு ஆளுங்களோட உடம்பை வச்சு மரபியல் நடத்துறதே இல்ல.

பட்டாணியும் காசும் போதும். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, ஒருத்தர் காசு அம்மாச் செடி, இன்னொருத்தர் காசு அப்பாச் செடி, பூவா தலையா போடணும். தலை நெட்டை, பூ குட்டை, ரெண்டும் பூ விழுந்தா மட்டும் செடி குட்டை, மத்த எல்லாம் நெட்டை. ஒரு ஜோடி 20 தடவை போடணும். ஒரு ஜோடிக்கு 9 குட்டை வந்துச்சு, இன்னொரு ஜோடிக்கு ஒண்ணே ஒண்ணு, டீச்சர் உங்க கணக்கு தப்புன்னு சண்டைக்கு வந்தாங்க. 16 ஜோடியையும் போர்டுல கூட்டினோம், 320ல 86 குட்டை. 80 வரணும், கிட்ட வந்துடுச்சுல்ல. அப்ப பட்டாணிச் செடியில மெண்டல் எண்ணின எண்ணை எழுதினேன், 787 நெட்டை, 277 குட்டை. எட்டு வருஷம் தோட்டத்துல உக்காந்து எண்ணியிருக்கார் அந்தப் பாதிரியார், 1866ல அச்சுல வந்துச்சு, 1884ல இறந்தே போயிட்டார், 1900ல தான் உலகம் கவனிச்சுது. நாலு பிள்ளை பிறந்தா மூணு இப்படி ஒண்ணு அப்படின்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு தடவையும் காசு புதுசா விழுதுன்னு பசங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க.

வாழைப்பழ டிஎன்ஏ பண்ணலாம், பழத்தை உப்புத் தண்ணியில பிசைஞ்சு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு வடிகட்டி மேல ஃப்ரீசர்ல வச்ச ஸ்பிரிட்டை மெதுவா ஊத்தினா வெள்ளையா நூல் மாதிரி மேல வரும். அது சுத்த டிஎன்ஏ இல்ல, வேற பொருளும் கலந்திருக்குன்னு சேர்த்து சொல்லிடுங்க. பொங்கல் சமயத்துல கரும்பு கொண்டு வந்து கோயம்புத்தூர் கதையைச் சொல்லுங்க, 1912ல ஆரம்பிச்ச கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல நல்ல கரும்பையும் ஆத்தோர நாணல் இனத்தையும் சேர்த்து கோ 205ன்னு ஒரு ரகத்தை 1918ல வெளியிட்டாங்க. 1930கள்ல அங்க வேலை பார்த்தவங்க ஜானகி அம்மாள், தலச்சேரியில பிறந்து சென்னையில ராணி மேரி கல்லூரியிலயும் பிரசிடென்சியிலயும் படிச்சவங்க, கரும்போட குரோமோசோம்களை எண்ணி ஆராய்ச்சி பண்ணவங்க. எங்க பொண்ணுங்க அவங்க பேரை நோட்டு அட்டையில எழுதி வச்சிருக்காங்க.

காசு விளையாட்டுக்கு அடுத்த நாள் நான் நடத்துறது ஆணா பெண்ணாங்கறது. அம்மாகிட்டேர்ந்து எப்பவும் எக்ஸ் குரோமோசோம் தான் வரும், அப்பாகிட்டேர்ந்து எக்ஸ் வந்தா பொண்ணு, ஒய் வந்தா பையன், அப்பாவும் வேணும்னு தேர்ந்தெடுக்கிறது இல்ல, காசு மாதிரி தான் விழுதுன்னு சொல்வேன். எட்டாவதுல தான் இதை எடுக்கிறேன், முன்னாடியே ஹெச்எம் கிட்டயும் சொல்லிடுவேன். ஒரு தடவை இதை நடத்தின மறுநாள் சாயந்திரம் கேட் பக்கத்துல ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க, வயல் வேலை முடிச்சு அப்படியே வந்திருந்தாங்க, கால்ல சேறு காயல. அவங்களுக்கு மூணும் பொண்ணு, பெரியவ என் வகுப்பு. "டீச்சர், பாப்பா வீட்டுல வந்து ஒண்ணு சொல்லிச்சு, அது நெசந்தானா"ன்னு கேட்டாங்க. நெசம் தான்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பொண்ணோட நோட்டை நீட்டி, இதை இதுல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க டீச்சர், மாமியாருக்கு படிச்சுக் காட்டணும்னாங்க. பச்சை மையில எழுதி, தேதி போட்டு, ஸ்கூல் சீலும் வச்சுக் குடுத்தேன்.