பொழுதுபோக்குக் கணினி: புதிதா, பழையதா?

கேள்வி: கோப்புகளைச் சேமிக்கவும் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் படங்களை அனுப்பவும் இரவு பகலாக ஓடும் சிறிய கணினி ஒன்று வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றைப் போர்டு கணினியை வாங்க நினைத்தேன். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மினி கணினியை வாங்கச் சொல்கிறார் நண்பர். எது லாபம்?

பதில்: இந்த வேலைக்கு நண்பர் சொல்வதே சரி. பை என்றதும் 2012இல் வந்த 35 டாலர் போர்டுதான் பலருக்கு இன்னமும் நினைவுக்கு வருகிறது. 2023இல் வந்த பை 5இன் 8 ஜிபி மாடல், அறிமுகமானபோதே 80 டாலர். அதுவும் வெறும் போர்டுக்கு மட்டும். அதற்கென்றே உள்ள 27 வாட் அடாப்டர், விசிறி, பெட்டி, மெமரி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் தனித்தனிச் செலவு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிட்டு அப்புறம் பழைய கணினியின் விலையைக் கேளுங்கள். அதில் பெட்டி, ராம், டிஸ்க், அடாப்டர் எல்லாம் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

நேரமும் உங்கள் பக்கம்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள 6ஆம், 7ஆம் தலைமுறைக் கணினிகள் கூட்டமாக வெளியே வருகின்றன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டால் அது ஒரு குறையே அல்ல. இன்னொன்று: படத்தை உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் என்கோடர் பை 5இல் கிடையாது; முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். அந்தப் பழைய இன்டெல் சில்லுகளில் அது உள்ளேயே இருக்கிறது.

மின்கட்டணம் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். சும்மா இருக்கும்போது பை 3 வாட், மினி கணினி 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 7 வாட் வித்தியாசம், ஆண்டு முழுவதும் ஓடினால் சுமார் 61 யூனிட். உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே கணினியை இயக்கி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் நுழைந்து பாருங்கள். பழைய நிறுவனம் போட்ட பாஸ்வேர்டு குறுக்கே நின்றால் வாங்காதீர்கள். டெல் கணினி என்றால் அடாப்டரைக் கவனியுங்கள்: அடையாளம் தெரியாத அடாப்டரைச் செருகினால் எச்சரிக்கை காட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். "மெதுவாக இருக்கிறது" என்று மலிவாக விற்கப்படுபவற்றில் சில இந்த ரகம்.

சென்சார், மோட்டார், கேமரா என்று கம்பி இணைத்து விளையாட வேண்டுமானால் கதை வேறு. கம்பிகளைச் செருக பை போர்டில் உள்ள 40 பின்களுக்கு மினி கணினியில் மாற்று இல்லை. அதிலும் விளக்கை எரியவைக்கவும் வெப்பநிலையை அளக்கவும் மட்டும்தான் என்றால், 2021இல் 4 டாலருக்கு வந்த பிகோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டே தாராளம்.

கேள்வி: சிறுவயதில் அமிகா என்ற வீட்டுக் கணினி வைத்திருந்தேன். அதன் வழிவந்த அமிகாஒன் வரிசையில், பவர்பிசி என்ற வகைச் சில்லுடன் வந்த கணினி ஒன்றை வாங்க விசாரித்தால், விலை தலைசுற்ற வைக்கிறது. இது பகல் கொள்ளை இல்லையா?

பதில்: கொள்ளை என்று சொல்லமாட்டேன். மதர்போர்டை வடிவமைப்பதற்கும் சோதிப்பதற்கும் ஆகும் செலவு, பத்து போர்டு விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்குபவர்கள் குறைவு என்றால் ஆளுக்கு விழும் பங்கு பெரிது. அமிகாஒன் எக்ஸ்5000 மாடலில் உள்ள பி5020 சில்லுகூட நெட்வொர்க் கருவிகளுக்காகப் பிறந்ததே தவிர, மேசைக் கணினிக்காக அல்ல. வேகத்துக்காக இதை வாங்குபவர் ஏமாந்துபோவார்.

பழைய விளையாட்டுகள்தான் வேண்டுமென்றால் இருக்கிற கணினியிலேயே எமுலேட்டர், அதாவது பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள், போதும். நிஜமான பவர்பிசி கணினியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமா? 2005இல் வந்த ஆப்பிளின் மேக் மினி ஜி4 ஒன்றைத் தேடிப் பிடித்து, அமிகா பாணியிலான மார்ஃப்ஓஎஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். மார்ஃப்ஓஎஸ்ஸுக்குப் பணம் கட்டுமுன் அதைச் சோதித்துப் பார்க்கலாம்; ஒவ்வொரு முறையும் முப்பது நிமிடங்களுக்குப் பிறகு வேகம் குறையும், அவ்வளவுதான். அந்த மேக் மினியில் ராம் 1 ஜிபிக்கு மேல் ஏறாது. இருபது வயதான ஹார்டு டிஸ்கை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஆனால் மார்ஃப்ஓஎஸ் வேறு, அமிகாஒன் கணினிகளில் ஓடும் அமிகாஓஎஸ் 4 வேறு. பின்னதுதான் வேண்டும் என்றால் மேக் மினி உதவாது.

கேள்வி: "சோதிக்கப்படவில்லை" என்ற குறிப்போடு கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஓடவில்லை என்று வைத்துக்கொண்டு அந்த விலைக்குக் கேளுங்கள். வாங்கினால் கூட வரும் பழைய அடாப்டரை மட்டும் செருகிவிடாதீர்கள். அது பழுதானால் 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி ராம் சில்லுகளைக் கருக்கிவிடும். புதிய அடாப்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.