2038-க்காக எல்லாக் கணினிகளையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய கூட்டுறவுச் சங்கம் எங்களுடையது. 9 கணினிகள், ஒரு சர்வர். 15 ஆண்டு வீட்டுக் கடனும் தருகிறோம். 2038-ல் தேதி குழம்பிவிடும், எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று புதுச்சேரி சர்வீஸ்காரர் கொட்டேஷன் தந்திருக்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: கோளாறு நிஜம், கொட்டேஷன் வீண். மேசைக் கணினிகளைத் தொடாதீர்கள்.

பல மென்பொருள்கள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. அந்த எண்ணை 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் எழுதும் 32 இடங்களில் வைத்தால் 2,147,483,647-க்கு மேல் இடமில்லை. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44.07-க்கு அது நிரம்பும். அடுத்த நொடி 1901-க்குப் போய்விடும். ஆனால் 2038 வரை உங்களுக்கு அவகாசம் இல்லை. 2023 ஜனவரி 19-க்குப் பிறகு கொடுத்த 15 ஆண்டுக் கடனின் கடைசித் தவணை இப்போதே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

"சர்வர் 64 பிட், பயமில்லை" என்பார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். கணக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்து, அதன் அட்டவணையில் முதிர்வுத் தேதிப் பத்தி (நெடுவரிசை) 1970 முதல் நொடி எண்ணும் 'டைம்ஸ்டாம்ப்' வகையாக இருந்தால், புத்தம் புது சர்வர் வாங்கினாலும் அதே நொடியோடு அதன் எல்லை முடிந்தது. 'டேட்டைம்' வகைக்கு 9999 வரை கவலையில்லை. தவறான தேதியை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறையை (strict mode) அணைத்து வைத்திருக்கும் பழைய மென்பொருள், எல்லை தாண்டிய தேதியை வாய் திறக்காமல் 00-00-0000 என்று பதிந்துவிடும். எந்தத் தணிக்கையிலும் இந்தப் பத்தியைத் திறந்து பார்ப்பதில்லை. வவுச்சரில் கையெழுத்து இருந்தால் போதும்! டெண்டரிலும் அப்படியே: குறைந்த விலை பார்ப்பார்கள், தேதி எதுவரை தாங்கும் என்று ஒரு வரி இருக்காது.

சோதனை எளிது. பேக்கப்பைத் தனிக் கணினி ஒன்றில் ஏற்றி, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். 20-01-2038-ல் முடியும் கடன் ஒன்றைப் பதிந்து அட்டவணையை அச்சிடுங்கள். 00-00-0000 அல்லது 01-01-1970 வந்தால் கோளாறு மென்பொருளில். பிறகு கடிகாரத்தை 19-01-2038 காலை 8.40-க்கு வைத்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். ஓடும் சர்வரில் இதைச் செய்யாதீர்கள்: நாள் முடிவுக் கணக்கில் 2038 தேதி ஏறிவிடும். சோதனையில் 'லைசென்ஸ் காலாவதி' என்று வந்தால் அது வேறு சங்கதி; அதைக் காட்டிப் புதிது விற்க வருவார்கள்.

பத்தியை டேட்டைமாக மாற்றுவது ஒரு கட்டளைதான். ஞாயிற்றுக்கிழமை, பேக்கப் எடுத்த பிறகு செய்யச் சொல்லுங்கள். அதற்குமுன் மைஎஸ்கியூஎல் இணைப்பின் நேர மண்டலம் இந்திய நேரமான +05:30 தானா என்று பார்க்க வேண்டும். கிரீன்விச் நேரத்தில் இருந்தால் நள்ளிரவு 00.00 முந்தைய நாள் 18.30 ஆகிவிடும், முதிர்வு ஒரு நாள் முன்னே போய் வட்டியும் ஒரு நாள் குறையும்.

கேமரா ரெக்கார்டர், கைரேகை வருகைப் பதிவு இயந்திரம் இரண்டிலும் தேதியை 2039-க்கு மாற்றிப் பாருங்கள். ஏற்காவிட்டால் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள் அவை எப்படியும் பழுதாகிவிடும்.

ஏற்கெனவே 00-00-0000 ஆகிப்போன வரிகளை எந்தக் கட்டளையும் மீட்காது. கடன் பத்திரத்தைப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.