தங்கையின் எக்கோவை ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள்

சகோதரி, பள்ளி மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்த உங்கள் 12 வயது மகனுக்கு இதயத் தசைத் தடிப்பு நோய் என்று உறுதியாகியிருக்கிறது. 8 வயது மகளின் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) இயல்பாக வந்துவிட்டதே, இனி நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு மரபணுப் பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பல பிள்ளைகளுக்குத் தசை தடிப்பது வளரிளம் பருவத்தில்தான். என் அக்காள் மகனுக்கு 9 வயதில் எல்லாம் சரி என்றார்கள். 14 வயதில், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தவனின் நெஞ்சில் கருவியை நகர்த்திய மருத்துவர், ஓரிடத்தில் நிறுத்தி மூன்று முறை அளந்தார். இதயச் சுவரின் தடிமன் 19 மில்லிமீட்டர்; இயல்பைவிட மிக அதிகம். அக்காள் என் கையை விடவே இல்லை.

முதலில் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். பிழை தெளிவாகத் தெரிந்தால் மகளுக்கும் அதைத் தேடலாம். அவளிடம் இல்லையென்றால் தொடர் பரிசோதனையே தேவையில்லை. மகனின் பிழை தெளிவாகத் தெரியாவிட்டாலோ, அவளிடமும் அது இருந்தாலோ, ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒருமுறை எக்கோவும் இ.சி.ஜி.யும் வேண்டும். நீங்களும் கணவரும்கூட எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஓடும்போது மயங்கியதால், இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும், உடலுக்குள் பொருத்தும் கருவி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. பள்ளியிலும் பேசுங்கள்: அவன் விழுந்து அசைவற்று, சரியாக மூச்சு விடாமல் கிடந்தால், முகத்தில் தண்ணீர் தெளித்துக் காத்திருக்காமல், 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.