பூங்காவை ஒட்டி வாழும் மக்களை வைத்தே காட்டைக் காப்பாற்ற முடியுமா? தேக்கடியில் நான் பார்த்தது

கேள்வி: தேசியப் பூங்காவுக்குள்ளும் ஓரத்திலும் வாழும் கிராமத்து மக்களுக்கென்று நடக்கும் திட்டங்களால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? அவர்களை வெளியேற்றுவதுதான் காட்டுக்கு நல்லது என்கிறார்களே?

மாறுகிறது. ஆனால் அந்த மக்கள் தலையில் இருக்கும் கடனை முதலில் இறக்கினால்தான் மாறும். தேக்கடியைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டத்துக் கூடலூர். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தேக்கடி. தேக்கடியைச் சுற்றிக் கேரளத்தில் இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். அதன் நடுப்பகுதியை 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே இருக்கும் ஏரி, 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான் இறங்கி வருகிறது. அதனால் அந்தக் காட்டை வேறு மாநிலத்துக் காடு என்று நினைக்க எங்களுக்கு மனம் வராது.

சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு 'பெரியாறு டைகர் டிரெயில்' போனேன். காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி நடக்கிற பயணம். துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், வழிகாட்டியாக உள்ளூர்க்காரர்கள் சிலர். அதில் மூத்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. நடந்துகொண்டே இருந்தவர் ஒரு மரத்தருகே நின்று, ஓர் இலையைப் பறித்துக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். பட்டை வாசம் அப்படியே தூக்கியது. வயணா மரம். சமையலில் போடும் பட்டைக்கு உறவு. கேரளத்தில் கும்பிளப்பம் என்ற இனிப்புப் பலகாரத்தை இந்த இலையில் பொதிந்துதான் அவிப்பார்கள்.

"இதை உரிச்சு வித்துத்தான் தம்பி புள்ளைகளை வளர்த்தேன்" என்றார்.

அரிசி, பருப்பு கட்டிக்கொண்டு கூட்டமாகக் காட்டுக்குள் போவார்களாம். நாள் கணக்கில் உள்ளேயே தங்கி, பட்டை உரித்து, பாறையில் காயவைத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தலைச்சுமையில் இறக்குவார்கள். இதில் பெரும் பணம் பார்த்தது மசாலா வியாபாரி. இவர்களுக்குக் கிடைத்தது கூலியும் வழக்கும்தான். "பிடிபட்டா கேஸு. கேஸுக்கு வக்கீல் பீஸு. பீஸைக் கட்ட மறுபடி காட்டுக்குத்தானே போகணும்?" என்று அவர் கேட்டபோது எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.

1996-இல் உலக வங்கி உதவியோடு இந்தியாவின் ஏழு காப்பகங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதில் பெரியாறும் ஒன்று. ஊருக்கு ஊர் ஈ.டி.சி. என்ற சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்தார்கள். அப்போதுதான் இந்தப் பட்டை உரிப்பவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் வனத்துறையிடம் வந்து, தொழிலை விட்டுவிடுகிறோம் என்றார்கள். வழக்குகளைத் திரும்பப் பெறுவது என்று பேசி முடித்து, 1998-இல் அவர்களை வைத்தே டைகர் டிரெயிலைத் தொடங்கினார்கள். கள்ளத்தனமாக நடந்த தடமெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. எந்தக் குகையில் படுப்பார்கள், எந்த ஓடையில் சமைப்பார்கள் என்று தெரிந்தவர்களிடம் பழைய கூட்டாளிகள் தப்ப முடியுமா? சுற்றுலா வருமானத்திலிருந்து மாதச் சம்பளம், மிச்சம் பொது நிதிக்கு. இவர்கள் பயணிகளோடு நடக்கிற ஒவ்வொரு நாளும் காட்டுக்கு ஒரு ரோந்துதான்.

மிளகுக் கதையையும் சொல்லியாக வேண்டும். மன்னான், பளியர் என்ற பழங்குடி மக்கள் காட்டுக்குள் இருந்தவர்கள். 1940-களில் அவர்களைக் குமுளிப் பக்கம் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கொஞ்சம் நிலம், அதில் மிளகுக்கொடி. மழைக்காலத்தில் கையில் காசு இருக்காது. வியாபாரி முன்பணம் கொடுப்பார், அதற்கு வரப்போகும் மகசூல் அடமானம். கொடி இவர்களுடையது, மிளகு அவருடையது. சொந்தத் தோட்டத்தில் கூலிக்கு மிளகு பறித்த குடும்பங்கள் உண்டு. அப்புறம் வயிற்றுக்கு என்ன செய்வது? விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போனார்கள். போனதும் வேட்டைக்காரனும் இவர்களைத்தான் துணைக்குக் கூப்பிட்டான். திட்டப் பணத்தில் அந்தக் கடனை அடைத்துக் கொடிகளை மீட்டார்கள். மிளகைக் குழுவே சேர்த்து விற்றது. என்னைக் கேட்டால், இந்தக் காட்டுக்கு நடந்த நல்ல காரியங்களில் இதுதான் பெரிது. வேலி, துப்பாக்கி எல்லாம் இதற்குப் பிறகுதான்.

2002-இல் தொடங்கிய வசந்த சேனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நூறு பெண்கள் அளவில் இருப்பார்கள். முறை வைத்துத் தினமும் ஐந்தாறு பேராகக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள், சம்பளம் இல்லாமல். வீட்டு வேலையை முடித்து, சோற்றுப் பொட்டலத்தோடு காலையில் கிளம்புவார்கள். "காசு வாங்காம ஏன்க்கா போறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "நம்ம தண்ணி, நம்ம காடு. வீட்டைக் கூட்டுறதுக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்றார்.

எல்லாம் சுகமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துக்குள் காட்டுப்பன்றியும் யானையும் இறங்கினால் ஒரு வருடத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும். காட்டை விட்டு வந்த தாத்தா பாட்டியின் வருத்தம் பேரன் பேச்சிலும் இருக்கிறது. பல குடும்பங்கள் சுற்றுலாவையே நம்பி இருப்பதும் எனக்குக் கவலைதான். 2020-இல் ஊரடங்கு வந்தபோது பயணிகள் வரத்து அடியோடு நின்றுபோனது. இந்த வேலைகளுக்கு உதவ 2004-இல் அமைத்த பெரியாறு ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் நிதியில் ஒரு பகுதியும் பயணிகளின் கட்டணத்திலிருந்து வருவதுதான். அதனால் வருமானத்துக்கு மிளகு மாதிரி இன்னொரு கால் வேண்டும் என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள்.

வெளியேற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டைக்காரர்களை அன்று ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு ஊரைக் காலி செய்திருந்தால், காட்டின் மூலைமுடுக்கு தெரிந்த ஒருவரும் வனத்துறைப் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள். வியாபாரி வேறு ஆளைப் பிடித்து அனுப்பியிருப்பார்.

தேக்கடி போனால் படகு ஏறிவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். மூங்கில் தெப்பப் பயணத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தெப்பத்தைத் துழாவுகிறவர்கள் இந்தக் குழுக்காரர்கள்தான். மழைக்காலம் என்றால் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை தருவார்கள், வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். மன்னாக்குடியில் பழங்குடி அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் எட்டிப் பாருங்கள். மிளகு வாங்குவதாக இருந்தால் குழுவிடமே வாங்குங்கள்.