எது உண்மையான மாற்றம்?

கேள்வி: என் மகன் பதினைந்து வருடமாக அமெரிக்காவில் இருக்கிறான். குடியுரிமையும் வாங்கிவிட்டான். இதுவரை ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. கேட்டால், ‘யார் வந்தாலும் இங்கே உண்மையான மாற்றம் வராதுப்பா’ என்கிறான். அமெரிக்காவில் ஓட்டுப் போட்டு மாற்றம் கொண்டுவர முடியுமா, முடியாதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மாற்றம் இருக்கட்டும். அதற்கு முன்னால் உங்கள் மகன் ஒரு ‘உண்மையான’ போட்டிருக்கிறாரே, எனக்கு அதன் மேல்தான் கோபம். இந்தப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் அந்தச் சொல் கண்ணில் பட்டால் அடித்துவிடுவேன். உண்மையான இலக்கியம், உண்மையான பக்தி, உண்மையான தமிழன், உண்மையான திருநெல்வேலி அல்வா. எங்கே வந்தாலும் அதற்கு ஒரே வேலைதான். கண்ணெதிரே இருப்பதைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும். ஒருவன் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அல்வாவை வைத்துத் தின்றுகொண்டிருப்பான். பக்கத்தில் நிற்பவர் ‘இதெல்லாம் உண்மையான அல்வா இல்லை’ என்பார். எதுதான் உண்மையானது என்று கேட்டால், அவர் சின்ன வயதில் சாப்பிட்டது என்பார். அந்தக் கடை மூடி நாற்பது வருடம் ஆகியிருக்கும்.

அல்வா விஷயத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆஸ்பத்திரி பில் கட்ட முடியாதவனிடமும் மரண தண்டனைக் கைதியிடமும் போய் ‘இது உண்மையான மாற்றம் இல்லை’ என்று சொல்ல முடியுமா? வர்ஜீனியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2017 நவம்பரில் அந்த மாநிலத்தின் கீழ்ச்சபைக்குத் தேர்தல். மொத்தம் 100 இடங்கள். அதுவரை குடியரசுக் கட்சிக்கு 66, ஜனநாயகக் கட்சிக்கு 34. எண்ணி முடித்தபோது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றன. எல்லார் கண்ணும் நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94ஆவது தொகுதி மேல். அங்கே குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 ஓட்டில் முன்னால் இருந்தார். மறுபடி எண்ணினார்கள். ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் முந்தினார். மறுநாள் ஒரு வாக்குச்சீட்டைப் பற்றிச் சண்டை வந்தது. ஓட்டுப் போட்டவர் இரண்டு பேருக்கு நேரேயும் வட்டத்தை நிரப்பி, சைமண்ட்ஸின் வட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். மூன்று நீதிபதிகள் பார்த்து அந்த ஓட்டு யான்சிக்கு என்றார்கள். ஆளுக்கு 11,608.

சட்டப்படி குலுக்கல். 2018 ஜனவரி 4 அன்று ரிச்மண்ட் நகரில் இரண்டு பெயர்களையும் பழைய பிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் கலக்கி ஒன்றை எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. 51க்கு 49 என்று சபை குடியரசுக் கட்சியிடமே இருந்தது.

கிண்ணம் என்றதும் நம் ஊர் மேடைப் பேச்சாளர்களோடு எனக்கு இருக்கும் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, குடத்தில் ஓலை போட்டு ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஜனநாயகம் கண்டவர்கள் நாம் என்று மார்தட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் பெயர்தான் குடத்துக்குள் போகும். பெண் பெயர் போகாது. சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் போகாது. இதை மேடையில் சொல்வதில்லை. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது என்று அதே சுவரில் வெட்டியிருக்கிறது. அதையும் சொல்வதில்லை. ரிச்மண்ட் கிண்ணத்தில் இரண்டு பெயர்கள் விழுவதற்கு முன்னால் 23,216 பேர் அந்த இருவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். குடவோலைக்கும் அதற்கும் உள்ள தூரம் அந்த எண்ணிக்கைதான். வீட்டிலேயே இருந்துவிட்டவர்களில் ஒரே ஒருவர் கிளம்பிப் போயிருந்தால் கிண்ணமே வேண்டியிருந்திருக்காது.

சரி, குலுக்கலில் தோற்றாயிற்று, பழைய கட்சியே ஆள்கிறது, என்ன மாறியது என்று உங்கள் மகன் கேட்பார். ஒபாமா 2010இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை மாநிலங்கள் இன்னும் பலருக்கு விரிவாக்கலாம். வர்ஜீனியா சட்டமன்றம் வருடக்கணக்காக முடியாது என்று மறுத்துவந்தது. 66 இடம் 51 ஆனதும், மறுத்த கட்சியிலிருந்தே ஒரு கூட்டம் மனம் மாறியது. 2018 மே மாதம் மசோதா நிறைவேறியது. 2019 ஜனவரி முதல் சுமார் 4 லட்சம் பேருக்கு அந்தக் காப்பீட்டுக்குள் வர வழி திறந்தது. ஆளும் கட்சி மாறவில்லை. அதன் பயம் மாறியது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அது போதும்.

2019இல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். இதற்குள் நீதிமன்றம் அந்த மாநிலத்தின் பல தொகுதிகளுக்கு எல்லையை மாற்றி வரைய வைத்திருந்தது. சைமண்ட்ஸ் ஜெயித்தார், அவர் கட்சி சட்டமன்றத்தைப் பிடித்தது. 2021 மார்ச் 24 அன்று வர்ஜீனியாவில் மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் கையெழுத்தானது. 1608இலிருந்து ஏறக்குறைய 1,400 பேரைக் கொன்ற மாநிலம் அது. அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் அத்தனை பேரைக் கொன்றதில்லை. தென்மாநிலங்களில் மரண தண்டனையை முதலில் கைவிட்டதும் அதுதான்.

உங்கள் மகன் வெறும் பேச்சுப் பேசுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஜனாதிபதித் தேர்தலைப் பார்த்து அவர் வெறுத்துப்போயிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஜனாதிபதியைத் தீர்மானிப்பது நாடு முழுவதும் விழுந்த மொத்த ஓட்டு இல்லை, மாநிலம் மாநிலமாகப் போடும் கணக்கு. 2000இல் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினார். புளோரிடாவில் 537 ஓட்டில் எல்லாம் போயிற்று. 2016இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேல் அதிகம் வாங்கித் தோற்றார். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும், நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு பேர்தான். இதையெல்லாம் நியாயப்படுத்த எனக்கு வாய் வராது.

புளோரிடாவில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சிறை சென்று தண்டனையை முடித்து வந்தவர்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பித் தரலாமா என்று 2018இல் மக்களிடமே கேட்டார்கள். 100க்கு 64 பேருக்கு மேல் தரலாம் என்றார்கள். சுமார் 14 லட்சம் பேர் பலன் பெற்றிருக்க வேண்டும். அடுத்த வருடமே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: அபராதமும் கோர்ட்டுக் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்று. கையில் காசில்லாதவன் மறுபடி வெளியே. மக்கள் கொடுத்ததைச் சட்டமன்றம் பிடுங்கியது. அந்தச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஓட்டுதான், அதுவும் யாரும் கவனிக்காமல் போட்ட ஓட்டு.

ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மாளைப் பற்றி உங்கள் மகன் கேள்விப்பட்டிருக்கிறாரா? மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்துக் கூலி. வீட்டில் இருபதாவது பிள்ளை. 1962 ஆகஸ்டு 31 அன்று, 44 வயதில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் பஸ் ஏறிப் போனார். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். கறுப்பர்களைக் கழிப்பதற்கென்றே வைத்த பரீட்சை. திரும்பி வந்தபோது தோட்ட முதலாளி, மனுவைத் திரும்பப் பெறு அல்லது வெளியே போ என்றார். 18 வருடம் வேலை செய்த இடத்தை விட்டு அன்று இரவே வெளியேறினார். மறுவருடம் வினோனா ஊர்ச் சிறையில் வைத்து அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதித்தது. அந்த அம்மாளுக்கு எது உண்மையான மாற்றம் என்ற குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா ஊரில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய், பாலத்தில் போலீஸ் தடியடிக்குத் தலை கொடுத்தவர்களில் பலருக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் நடந்தார்கள். 1964 நவம்பரில் மற்ற ஊர்களில் ஓட்டு இருந்தவர்கள் போட்டு அனுப்பிய காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், அந்த ஊர்வலம் நடந்த ஐந்தே மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் கொண்டுவந்தது. மிசிசிப்பியில் 100 கறுப்பர்களுக்கு 7 பேர்கூடப் பதிவு செய்திராத நிலை போய், 1967க்குள் 60ஐ நெருங்கியது. நடந்ததும் வேண்டியிருந்தது, போட்டதும் வேண்டியிருந்தது.

அதே காங்கிரஸ் இன்னொரு சட்டமும் போட்டது. 1965 அக்டோபர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம். அதற்கு முன்பு இந்தியாவிலிருந்து குடியேற ஒதுக்கியிருந்த இடம் வருடத்துக்கு 100 பேர். அந்தக் கதவு திறந்திராவிட்டால், அமெரிக்காவில் எதுவும் மாறாது என்று உங்கள் மகன் கும்பகோணத்திலிருந்துதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போனில் பேசும்போது ஜனாதிபதி பேச்சையே எடுக்காதீர்கள். ‘உன் தொகுதியிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குப் போயிருப்பது யாரப்பா, அடுத்த தேர்தல் என்றைக்கு?’ என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குடியுரிமை வாங்கியதாலேயே எல்லா மாநிலத்திலும் பெயர் தானாக ஏறிவிடாது, சில மாநிலங்களில் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பதிவை மூடிவிடுகிறார்கள்.