பனிச் சாயங்காலமும் வட சென்னைத் தெருக்கடைகளும்: கேள்வி பதில்

மார்கழி, தை மாதச் சாயங்காலங்களில் வட சென்னைப் பக்கம் எங்கே, எப்போது, என்ன சாப்பிடலாம் என்று பலர் கேட்டிருந்தார்கள். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (பெங்களூரு): சென்னையில் குளிரா அண்ணா? சிரிப்பு வருகிறதே!

சிரியுங்கள், பரவாயில்லை. இங்கே 20 டிகிரிக்கு இறங்கினாலே ஆட்டோக்காரர்கள் காதை மூடி மஃப்ளர் கட்டிவிடுவார்கள். டிசம்பரில் ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பசியும் சீக்கிரமே வந்துவிடும்.

கேள்வி (தாம்பரம்): அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட ஆசை. எங்கே போவது, என்ன சொல்லி வாங்குவது?

பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். எதிரே பர்மா பஜார். அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ வண்டிகள் நிற்கும். 1960களில் பர்மாவில் கடை, தொழில் எல்லாம் அரசுடைமை ஆனபோது, பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர்களோடு வந்த சாப்பாடு இது. அவர்களில் நிறையப் பேர் குடியேறிய வியாசர்பாடியிலும் நல்ல கடைகள் உண்டு.

ஆர்டர் சொன்னதும் கடைக்காரர் ஒரு பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போடுவார். அதன் மேல் பொடியாக அரிந்த முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், வறுத்த கடலை மாவு, மிளகாய்த்தூள், உப்பு. கடைசியாகத் தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார். காரமும் புளிப்பும் எவ்வளவு வேண்டும் என்று பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு விஷயம்: அத்தோ சுடச்சுட வரும் பண்டம் இல்லை. குளிருக்கு இதமாக இருப்பது கூடத் தரும் வாழைத்தண்டு சூப்தான். முதலில் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி கேட்டாலும் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். என்னைக் கேட்டால், பனி நாளில் அத்தோவை விட மொய்ங்காதான். மெல்லிசான அரிசி நூடுல்ஸ் மேல் அந்த சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவது. பர்மாவில் இதை மீன் போட்டுச் செய்வார்கள், இங்கே வாழைத்தண்டோடு சரி.

அப்படியே ஒரு முட்டை மசாலாவும் சொல்லுங்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தை அடைத்து, புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் விட்டுத் தருவார்கள். முழுசாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பாதி கடித்தால் சட்டை போச்சு.

கேள்வி (அண்ணா நகர்): நாங்கள் சுத்த சைவம். அம்மா பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்.

அப்படியென்றால் சௌகார்பேட்டை. ஆனால் சீக்கிரம் போய்விடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாத ஜெயின் குடும்பங்கள் அங்கே நிறைய இருப்பதால், ஐந்து மணிக்கே கடைகள் சூடு பிடித்துவிடும். ஜெயின் பாவ் பாஜி என்று கேளுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் இருக்காது, வாழைக்காய் போட்டிருப்பார்கள். அம்மாவுக்குக் கவலையே இல்லை.

இருட்டிய பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை. பொடி இட்லியும் ஊத்தப்பமும் நெய்யில் மிதக்கும். தட்டைச் சாய்த்தால் நெய் ஓடி வரும் என்பதால் மருத்துவர் எச்சரித்தவர்கள் இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்வது நல்லது. மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும். ஆறிப்போன ஜிலேபிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாணலியிலிருந்து எடுக்கும்வரை நின்று வாங்குங்கள்.

கேள்வி (போரூர்): காசிமேட்டில் சாயங்காலம் போனால் மீன் வறுவல் நன்றாக இருக்குமா?

இருக்கும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான், அதனால் இந்த மாதங்களில் வரத்துக்குக் குறைவில்லை. ஆனால் புயல் சின்னம் என்று செய்தி வந்து படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் ஐஸ் மீன்தான் கிடைக்கும். அன்றைக்குப் போகாதீர்கள்.

சிவக்கச் சிவக்க மசாலா பூசி அடுக்கி வைத்திருந்தால் எது புதுசு, எது பழசு என்று யாருக்கும் தெரியாது. அதனால் துண்டு மீனை விட்டுவிட்டு, தலையோடு இருக்கும் சங்கராவைப் பாருங்கள். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருந்தால் வாங்கலாம், குழி விழுந்து வெளிறியிருந்தால் வேண்டாம். ஏற்கெனவே பொரித்ததைத் திரும்ப எண்ணெயில் போடுகிறாரா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். நெத்திலி, கடம்பா (கணவாய்) எல்லாம் அப்பப்போ பொரித்தால்தான் ருசி.

கேள்வி (கொளத்தூர்): அப்பாவுக்குச் சளி. அவருக்கு எது ஒத்துக்கொள்ளும்?

ஆட்டுக்கால் சூப், மிளகு கொஞ்சம் தூக்கலாக. அசைவம் வேண்டாம் என்றால் சுக்கு காபி. எண்ணெய்ப் பலகாரம் பக்கம் அவரை விடாதீர்கள்.

கேள்வி (மதுரவாயல்): மாட்டுக்கறிக் கடைகளைப் பற்றி யாருமே சொல்வதில்லையே?

சொல்லாமல் என்ன! புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் சாயங்காலமானால் தோசைக்கல்லில் பீஃப் வறுவல் சத்தம் கேட்கும். கறி பஞ்சு போல வெந்திருந்தால்தான் நல்ல கடை. வேலை முடிந்து வருகிறவர்கள் நின்று சாப்பிடும் கடையாகப் பார்த்துப் போங்கள், வீடியோ எடுப்பவர்கள் கூடும் கடை வேண்டாம்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): ஒரே சாயங்காலத்தில் இவ்வளவையும் முடிக்க முடியுமா? காரில் வருகிறோம்.

முடியாது. முயற்சியும் பண்ணாதீர்கள், நாலாவது கடையில் எல்லாமே ஒரே ருசியாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும். சௌகார்பேட்டையையும் அத்தோவையும் வேண்டுமானால் சேர்க்கலாம், நடக்கிற தூரம்தான். காசிமேட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரை வீட்டிலேயே விடுங்கள். மின்ட் தெருவில் கை வண்டிக்கே வழி கிடைக்காது. மெட்ரோவில் மண்ணடியில் இறங்கி நடந்தால் போதும். கடைசி ரயில் 11 மணி வாக்கில், அதற்குள் தாராளமாகச் சாப்பிட்டு முடிக்கலாம்.