ஒரே மூச்சில் படிக்கிற நாவலில் பேச என்ன இருக்கிறது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்த மாதத்துக்கு, ஐ.டி. தம்பதியைப் பற்றிய ஜாலியான புது நாவல் ஒன்றைத் தோழி சொல்கிறார். ‘அதில் பேச என்ன இருக்கிறது?’ என்கிறார்கள் மூத்தவர்கள் இருவர். எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுங்கள். ஆனால் முடிவு செய்வதற்குமுன் ஒருவராவது அதை முழுசாகப் படித்துவிட வேண்டும்.

நடை இலகுவாக இருப்பது குறையே இல்லை. யார் பக்கம் நியாயம் என்பதை ஆசிரியரே தீர்த்துவைத்துவிட்ட கதையில்தான் பேச்சு அறுந்துபோகும். மாமியார் கொடுமைக்காரி, மருமகள் பொறுமைசாலி, கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் திருந்திவிடுகிறார்கள் என்றால் இருபது நிமிடத்தில் டீ குடிக்க எழுந்துவிடுவீர்கள். கனமான நாவலுக்கும் இந்தக் கதி நேர்வதுண்டு. அங்கே மரியாதைக்குப் பயந்து யாரும் வாய் திறப்பதில்லை.

உங்களில் இரண்டு பேராவது எதிரெதிராக நிற்கக்கூடிய இடங்கள் மூன்று தேறுகின்றனவா என்று பாருங்கள். சம்பளம் கூடியதைக் கணவனிடம் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள் ஒருத்தி. ஆசிரியர் இரண்டே வரியில் கடந்துவிடுகிறார் என்று வையுங்கள். அந்த இரண்டு வரியில் அரை மணி நேரம் ஓடும். மறைத்தது தப்பா? சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? இதே கதையை அவன் சொல்லியிருந்தால் அவள்மேல் நமக்கு இந்தப் பரிவு வருமா? மூன்றாவது கேள்வி கதையிலிருந்து எழுத்து நுட்பத்துக்குக் கொண்டுபோய்விடும். மூத்தவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அப்படி ஒரு இடம்கூடத் தேறவில்லையா, அந்த நாவலை விட்டுவிடுங்கள்.

கூட்டத்தை ‘பிடித்ததா?’ என்று தொடங்காதீர்கள். முதல் ஆள் ‘சூப்பர்’ என்றால் மற்றவர்கள் பின்பாட்டுதான் பாடுவார்கள். பிடிக்காதவர் முதலில் பேசட்டும், பக்க எண்ணைச் சொல்லி.

இத்தகைய நாவலுக்கு ஒரு மணி நேரம் போதும். இழுத்தால் பேச்சு ஊர்வம்புக்குப் போய்விடும். மிச்ச நேரத்துக்குக் கணவன் மனைவி பற்றிய ஐந்தாறு பக்கச் சிறுகதை ஒன்றைச் சத்தமாக வாசித்து, நாவலோடு ஒப்பிடுங்கள். அதற்கு அலையவே வேண்டாம்: பிரபஞ்சன் உங்கள் ஊர்க்காரர், புதுமைப்பித்தன் பிறந்தது பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் கடலூர் மஞ்சக்குப்பம்.

பிரதிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் புது நாவல் வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எட்டுப் பேருக்கு மூன்று பிரதி என்றால் ஆளுக்குப் பத்து நாள். முதல் பத்து நாளில் படித்தவருக்குக் கூட்டத்தன்று பாதி மறந்திருக்கும். புத்தகத்தைக் கைமாற்றும் முன் தனக்கு உறுத்திய நாலைந்து பக்க எண்களை அவர் ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.